கரியும் பல்லும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறளையும் சிலம்பையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற இம்மேடையிலே, பல் துலக்குவதைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைப்பு வந்தால் நன்றே. நகைக்குந்தோறும் பற்கள் வெளிப்படும். என் தொழிலுக்கு அதுதானே வேண்டும்! ஆயினும் இப்பொருளை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. அண்மை ஆண்டுகளில் என்னிடம் வரும் நம்மவர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "டாக்டர் ஐயா, கடையில் கரி சேர்த்த கறுப்புப் பிரஷ் என்று ஒன்று விற்கிறார்களே, அது நல்லதா? சாதாரணப் பிரஷ்ஷை விட்டு அதற்கு மாறிவிடலாமா?" என்பதே அக்கேள்வி. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே சொன்ன விடையை இன்று எல்லோர்க்கும் சேர்த்துச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார், மறுக்க இயலவில்லை.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்; காரணங்களைப் பின்னர்க் காட்டுகிறேன். கறுப்புப் பிரஷ்ஷினால் கேடு ஒன்றும் இல்லை. கறுப்பினால் மட்டும் விளையும் நன்மையும் பெரிதாக இல்லை. ஆனால், கரி பல்லுக்கு நல்லது என்னும் பழைய எண்ணத்தை அது நம் வீடுகளுக்குள் மீண்டும் அழைத்து வருகிறது. அந்த எண்ணத்தின் பின்னே கரிப்பொடியும் கரிப்பசையும் வருகின்றன. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வூரிலே இக்கேள்வி மிகுதியாக எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் கூடியிருக்கும் இவ்விடம் அலிபிரி. திருமலை நம்பியிடத்தே இராமானுசர் இராமாயணப் பொருள் கேட்ட புளியமரத்தடியே 'அடிப்புளி' என வழங்கி, நாளடைவில் அலிபிரி எனத் திரிந்தது என்று பெரியோர் கூறுவர். ஏறத்தாழ 3,550 படிகளைக் கொண்ட மலைவழி இங்கே தொடங்குகிறது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து வந்திறங்குவோர், விடியுமுன் முகம் கழுவிப் பல் துலக்கிப் படியேற விரைகின்றனர். துண்டை மறவாதவர்கூடப் பிரஷ்ஷை மறந்துவிடுகின்றனர். கர்ப்பூரத்திற்கும் தேங்காய்க்கும் பக்கத்திலே கடைக்காரர் தொங்கவிட்டிருக்கும் அட்டையில், நீலமும் பச்சையுமாகிய பிரஷ்களின் நடுவே கறுப்பு ஒன்று எடுப்பாகத் தெரிகின்றது. சில ரூபாய் கூடுதலாயினும் "இது கரி போட்டது, சாமி" என்றவுடன் கை அதன்மேல் செல்கின்றது. நம் சங்கத்தாரிலேயே கடை வைத்திருப்போர் சிலர் உளர். அவர்கள் என்மேல் சினங்கொள்ளலாகாது. அவர்கள் வணிகத்திற்குக் குறை வராதபடியே என் பேச்சு முடியும்.

கரி என்றவுடன் நம் மனம் இளகுவதற்கு வரலாறு ஒரு காரணம். நம் பாட்டன்மார் உமிக்கரியும் உப்பும் கலந்து விரலால் தேய்த்தனர். அடுப்புக்கரி அகப்படாதபோது சாம்பல். அதுவும் இல்லையேல் செங்கற்பொடி. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி தரும் என்பது பழமொழியாயிற்று. மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டிலே 1913-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்வைத்தியசாலையின் பற்பொடி, தென்னாட்டு வீடுகள் பலவற்றில் இடம்பெற்றது. மதுரைக் கோபால் பல்பொடியின் பெயரை இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால், முன்வரிசை முழுவதும் தூக்கும் என நினைக்கிறேன். குரங்குச் சின்னமிட்ட கறுப்புப் பற்பொடியையும் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். இவற்றையெல்லாம் நாட்டுப்புறத்தார் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பசைக்கும் பிரஷ்ஷுக்கும் மாறுவதே நாகரிகம் என்று ஒரு தலைமுறைக்கு விளம்பரங்கள் கற்பித்தன. இப்பொழுது அதே கரி, கண்ணாடிக் காகிதம் சுற்றிய அட்டையில் விலையோடு திரும்பி வந்திருக்கிறது. பாட்டி அடுப்பங்கரையில் இலவசமாகக் கொடுத்ததைப் பேரன் பணம் கொடுத்து வாங்குகிறான். இதைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

அது நிற்க. கரிப் பிரஷ் என்பது யாது? பிரஷ்ஷின் இழை நைலான் முதலிய பிளாஸ்டிக்கினால் ஆவது. அப்பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக இழுக்கும்போது நுண்ணிய கரித்தூளைக் கலந்துவிடுகின்றனர், பெரும்பாலும் மூங்கிற்கரி. அதனால் இழை கறுப்பாகின்றது. கரிக்கு ஒரு வியத்தகு குணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாமல் எரித்து, அக்கரியை மிகு வெப்பத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால், அதனுள்ளே எண்ணிறந்த நுண்துளைகள் தோன்றுகின்றன. ஒரு கிராம் கரியின் துளைச்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஆயிரம் சதுர மீட்டரையும் எட்டும். நீரிலுள்ள அழுக்கும் நிறமும் நாற்றமும் அச்சுவர்களிலே ஒட்டிக்கொள்கின்றன. காங்கேயத்திலும் இலங்கையிலும் இத்தொழில் சிறந்து நடைபெறுகிறது. நம் வீட்டுக் குடிநீர் வடிப்பானிலே இருப்பதும் அத்தகைய கரியே. நஞ்சுண்டவர்க்கு மருத்துவமனையில் கரைத்துக் கொடுப்பதும் அதுவே. வளர்ந்தவர் ஒருவர்க்கு ஒரு வேளைக்கு ஏறத்தாழ 50 கிராம் கொடுப்பது வழக்கம்.

இப்பெருமை அனைத்தும் துளை திறந்திருக்கும் கரிக்கு உரியது. பிளாஸ்டிக்கோடு உருகிக் கலந்த கரியின் துளைகளைப் பிளாஸ்டிக்கே மூடிக்கொள்கின்றது. இழையின் மேற்புறத்தில் தலைகாட்டும் சிறு துகள்களே வாயின் ஈரத்தைத் தொடுகின்றன. ஒரு பிரஷ்ஷின் இழைகளையெல்லாம் பிடுங்கி நிறுத்தாலும் ஓரிரு கிராமுக்கு மேல் தேறாது; அதிலும் பெரும்பகுதி பிளாஸ்டிக். அவ்விழை பல்லோடு உறவாடுவதோ இரண்டு நிமிடம். இதனைக் கொண்டு பல் வெளுக்கும், வாய் நாற்றம் அறவே நீங்கும் என்று எதிர்பார்ப்பது, குடிநீர் வடிப்பானின் படத்தைக் குடத்தின்மேல் ஒட்டிவிட்டு நீர் தெளியும் என்று காத்திருப்பதை ஒக்கும்.

ஆயினும் நடுநிலை தவறக்கூடாது. நம் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் சிலர் 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயன்படுத்திய கறுப்புப் பிரஷ்களிலும் சாதாரணப் பிரஷ்களிலும் வளர்ந்த நுண்ணுயிர்களை அவர்கள் எண்ணிப் பார்த்தனர். சாதாரண இழைகளில் கண்ட எண்ணிக்கை, கறுப்பிழைகளில் கண்டதைப் போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. கரிப் பிரஷ்ஷின் சார்பிலே சொல்லத்தக்க நல்ல சான்று இது. ஆனால் அவர்கள் எண்ணியது பிரஷ்ஷில் தங்கிய கிருமிகளை. பல்லில் சொத்தை குறைந்ததா, ஈறு நோய் குறைந்ததா என்பது வேறு கேள்வி. நம் வாயினுள்ளே கோடிக்கணக்கில் குடியிருப்பவற்றின் முன்னே, பிரஷ்ஷில் எஞ்சி நிற்பவை சிறு கூட்டமே. மேலும், அச்சிறு கூட்டத்தைக் குறைக்கக் கரியினும் எளிய வழி உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

"கறுப்புப் பிரஷ்ஷுக்கு மாறியதிலிருந்து ஈற்றில் இரத்தம் வருவது நின்றுவிட்டது, ஐயா" என்று என்னிடம் சொன்னவர் சிலர் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கறுப்புப் பிரஷ்களிற் பல மெல்லிய இழையும் கூரிய நுனியும் உடையன. அதற்குமுன் அவர்கள் கையாண்டதோ தென்னந்துடைப்பத்துக்குத் தம்பி போன்ற முரட்டுப் பிரஷ். நலம் செய்தது மென்மை. புகழ் போனது கறுப்புக்கு. வெள்ளை இழையிலேயே மென்மையான பிரஷ் வாங்கியிருந்தாலும் இரத்தம் நின்றிருக்கும்.

பிரஷ்ஷின் இழையைப் பற்றி இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நைலான் இழைப் பிரஷ் விற்பனைக்கு வருமுன், பிரஷ்ஷுக்குப் பன்றி மயிரே பெரிதும் பயன்பட்டது. வைதிகக் குடும்பங்கள் பிரஷ்ஷைத் தொடாமல் விரலோடும் குச்சியோடும் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நைலான் வந்தபின் இழையின் பருமனை நாம் விரும்பியவாறு அமைத்துக்கொள்ள முடிந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருத்துவர் சார்லஸ் பாஸ் என்பார், முதுமையில் தம் பற்களைக் காக்க முற்பட்டு, பிரஷ்ஷின் இழை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு பருமனும் உருண்டு வழவழத்த நுனியும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டில் எழுதினார். 1954-ஆம் ஆண்டில் துலக்கும் முறையையும் வகுத்துரைத்தார். பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் கூடும் இடத்திலே 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு அசைவாக அசைக்க வேண்டும். இன்றும் நாங்கள் கற்பிப்பது பெரும்பாலும் அவர் முறையே. நம்மவரோ தச்சர் இழைப்புளி தள்ளுவது போலக் குறுக்கே தள்ளுகின்றனர். நாற்பது வயதில் பல்லின் கழுத்திலே கோடரி வெட்டியது போல் பள்ளம் விழுந்திருக்கும். குளிர்ந்த நீர் பட்டால் துடிப்பர். வெள்ளைப் பிரஷ்ஷும் அதைச் செய்யும்; கறுப்புப் பிரஷ்ஷும் செய்யும்.

இனிக் கரிப்பொடிக்கு வருகிறேன். என் கவலை முழுவதும் இதில்தான்.

பல்லின் மேலே எனாமல் என்னும் உறை இருக்கின்றது. நம் உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததே. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. கடிக்கும் முனையிலே அதன் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். ஈற்றை நோக்கி வரவர மெலிந்து ஒன்றுமில்லாமல் போகின்றது. இதன்மேல் கரகரப்பான கரித்தூளை நாள்தோறும் தேய்த்தால் வெளிக்கறை நீங்கும் என்பது மெய். பாக்கும் காப்பியும் ஏற்றிய கறை சிறிது அகலும். கறையோடு உறையும் சிறுகச் சிறுகத் தேயும். உறை மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியும். வெண்மை வேண்டித் தேய்த்தவர் மஞ்சளை அடைவர்! கரித்தூளோடு எலுமிச்சைச் சாற்றையும் கலந்து தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நடுக்கம் வருகின்றது. புளிப்பு எனாமலை இளக்கும். இளகியதைக் கரி அரைக்கும். புளியோதரை உண்டபின்கூட அரைமணி நேரம் பொறுத்துப் பல் துலக்குங்கள் என்பேன். அன்றியும், கரித்துகள் ஈற்றின் இடுக்கிலும் அடைத்த பல்லின் ஓரத்திலும் புகுந்து கறுப்புக் கோடாகத் தங்கிவிடுவதும் உண்டு. கரிப்பசை, கரிப்பொடி ஆகியவற்றைப் பற்றிய எழுத்துகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழிலே 2017-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவை பல்லை வெளுக்கும், கிருமியை அழிக்கும், தீங்கற்றவை என்னும் உரிமைகோரல்களுக்குப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

நம் பகுதிக்கே உரிய துன்பம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். திருப்பதி 2022 ஏப்ரலில் தனி மாவட்டமாயிற்று. சித்தூர் மாவட்டம் மேற்கே குப்பம் வரை நீள்கின்றது. குப்பத்தைத் தாண்டினால் கிருஷ்ணகிரி, அதற்கப்பால் தருமபுரி. அப்பக்கத்துப் பல ஊர்களில் ஆழ்கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. இக்குறைபாடு புதியதன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்ட ஊர்களில் எலும்பும் பல்லும் கெட்டு மக்கள் வருந்தியதை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டதும் இது பற்றியே. குழந்தைப் பருவத்தில், ஈற்றினுள்ளே பல் உருவாகும் காலத்தில் அத்தகைய நீரைப் பருகினால், எனாமலின் உள்ளேயே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் படிந்துவிடுகின்றன.

அத்தகைய பற்களோடு மணப்பருவப் பெண் ஒருத்தி, தாயோடு என்னிடம் வந்தாள். பெண் பார்க்க வருவதற்குள் கறை போக வேண்டும் என்று கறுப்புப் பிரஷ் வாங்கினாள். போகவில்லை. கரிப்பொடி வாங்கினாள். காலையும் மாலையும் அழுத்தித் தேய்த்தாள். கறை இருந்தபடியே இருந்தது. பல்லோ காற்றுப் பட்டாலே கூசியது. சிரிக்க வாய் திறக்குமுன் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. உள்ளே படிந்த கறையை வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. மேற்புறத்தை மிக மெல்லியதாகச் சீர்செய்தல், மருத்துவர் மேற்பார்வையில் வெளுத்தல், பல்லின் நிறமுடைய பூச்சால் மூடுதல் எனக் கறையின் அளவுக்கேற்ற வழிகள் உண்டு. கறை கண்ட வீட்டார் கரியைத் தேட வேண்டா. கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்நீர் பருகத் தக்கதன்று. மூத்த பிள்ளையின் பல் கறைபட்டிருப்பினும் இளைய பிள்ளையைக் காக்கலாம்.

"ஃபுளோரைடு தீயது என்கிறீர், பற்பசையிலும் அதுதானே இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. விழுங்கும் ஃபுளோரைடு மிகுந்தால் தீது. பல்லின்மேல் படும் ஃபுளோரைடு எனாமலை உறுதி செய்து சொத்தையைத் தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் ஃபுளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நம் நாட்டு விதிப்படி பற்பசையில் அதன் அளவு பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசை போதும். ஆறு வயது வரை பட்டாணியளவு. துப்பக் கற்றுக்கொடுத்து, அருகே நின்று பாருங்கள். கரிப்பசைகள் பலவற்றில் இந்த ஃபுளோரைடு இல்லை என்பது அவற்றின்மேல் எனக்குள்ள மற்றொரு மனத்தாங்கல். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2022-ஆம் ஆண்டில் 'நமாமி கோவிந்தா' என்னும் பெயரில் வெளியிட்ட பொருள்களுள் பற்பொடியும் ஒன்று. அதைப் பற்றிக் கேட்போர்க்கும், பொதுவாக எந்தப் பற்பொடியைப் பற்றிக் கேட்போர்க்கும் நான் சொல்வது ஒன்றே: விருப்பமானால் காலையில் விரலால் மென்மையாகத் தேயுங்கள், இரவில் படுக்குமுன் ஃபுளோரைடு பசையும் மென்மையான பிரஷ்ஷும் தவற வேண்டா. லட்டு முதலிய இனிப்பு பல்லிடுக்கில் இரவெல்லாம் தங்கினால், விடியற்காலைப் பல் துலக்கல் எதனாலும் அதனை ஈடுசெய்ய இயலாது. பெருமாள் பிரசாதத்தைக் குறை கூற நான் வரவில்லை. உண்டபின் வாய் கொப்புளிக்கச் சொல்கிறேன்.

வேப்பங்குச்சியைப் பற்றியும் ஒரு சொல். நுனியை நன்றாக மென்று மென்மையாக்கித் துலக்கினால் அது நல்ல கருவியே. ஆனால் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை அது எட்டுவது அரிது. அலிபிரிப் படிவழி மரங்களில் மட்டும் ஒடிக்காதீர்கள். அது காக்கப்பட்ட வனம்.

இனிக் கடைக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு. கறுப்பையும் விற்கலாம், வெள்ளையையும் விற்கலாம். வாங்குவோர் அட்டையைத் திருப்பி, மென்மையான இழை என்னும் குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும். இரண்டிலும் அது இருந்து விலையும் ஒன்றானால் கண்ணுக்குப் பிடித்த நிறத்தை எடுத்துக்கொள்ளலாம். கறுப்புக்கு விலை கூடுதலானால், அக்கூடுதல் பணத்தைச் சேர்த்துவைத்து மூன்று மாதத்திற்கு ஒரு முறை புதுப் பிரஷ் வாங்குவது மேல். ஒரே பிரஷ்ஷை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, இழைகள் நாற்புறமும் படுத்துவிட்ட பின்னரும் விடாமல் தேய்ப்பவர்கள் நம்முள் மிகப் பலர்.

கிருமிகளைக் குறைக்கும் எளிய வழி என்றேனே, அது காற்று. துலக்கியபின் பிரஷ்ஷை ஓடுநீரில் அலசி, உதறி, தலை மேலாக நிறுத்தி உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடியிட்டுப் பைக்குள் திணித்து மலையேறி மறுநாள் எடுத்தால், கறுப்பாயினும் வெள்ளையாயினும் அதில் கிருமிகள் பெருகியே இருக்கும். ஒருவர் பிரஷ்ஷை மற்றொருவர் எடுப்பதும் வேண்டா. கணவன் மனைவியாயினும் சரியே.

இன்று விருந்து முடிந்தபின், மண்டபத்தின் கீழ்ப்புறத்துத் திண்ணையிலே பிள்ளைகளின் பற்களைப் பார்க்க அமர்ந்திருப்பேன். செயலாளர் அறிவிப்பைக் கண்டு வீட்டுப் பிரஷ்ஷையும் கையோடு கொண்டு வந்திருப்போர் அதனையும் காட்டலாம்.